ஜீவானந்தத்தின் ஆல்ட்டோ

வெண்ணந்தூர்
19.4.2025

சாரதாமணிக்கு,

நம் செட்டு மருதாசலத்திடம் நீ கொடுத்தனுப்பிய கடிதம் வந்தது. மூன்று வருஷம் கழித்து மாமனாருக்கு எழுதுகிறவள் நான்கே வரி எழுதியிருக்கிறாய். முதல் வரியில் என் உடம்பைப் பற்றிக் கேட்கிறாய். இரண்டாவது வரியில் என் பேத்தி மோனிஷா இசைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருப்பதைச் சொல்கிறாய். மூன்றாவது வரியில் நுழைவுத் தேர்வில் வாசிக்க ஜீவானந்தத்தின் ஆல்ட்டோ சாக்ஸபோன் வேண்டும் என்கிறாய். நான்காவது வரி உன் கையெழுத்து.

கொடுக்க மாட்டேன்.

உன்னைப்போல நானும் சுருக்கமாக முடித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அந்த ஆல்ட்டோ எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று நீ மறந்திருந்தால் சொல்கிறேன். ஆத்தூர் கல்யாணத்தில் வாசித்துவிட்டு நம் பேண்டு செட் வேனில் திரும்பிக்கொண்டிருந்தது. அயோத்தியாப்பட்டணம் தாண்டுமுன் நின்றிருந்த லாரியின் பின்னால் வேன் மோதியது. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தவர்களெல்லாம் கை கால் முறிந்து பிழைத்துக்கொண்டார்கள். என் மகன் கம்பியைப் பிடிக்கவில்லை. மடியில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் கடைசிவரை விடாததை நான் விட்டுவிடுவேன் என்று எப்படி நினைத்தாய்?

என் டெனர் சாக்ஸபோன் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளட்டும். விரல் வைக்கும் இடமெல்லாம் ஒன்றுதான். டெனர் கனத்த சத்தம். பரீட்சை வைக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போனில் பேசச் சொல்லி மருதாசலம் சொன்னான். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். காகிதத்தில் இரண்டும் கேட்காது. எழுது.

குமாரசாமி


வாழப்பாடி
26.4.2025

மாமாவுக்கு வணக்கம்.

நான்கு வரி எழுதியதற்குக் காரணம், ஐந்தாவது வரி எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன் என்பதுதான். ஆறு முறை எழுதிக் கிழித்தேன். தையல் கடைக்குப் போகும் நேரமாகிவிட்டது, மிஞ்சியதைக் கொடுத்தனுப்பினேன்.

அந்த ஆல்ட்டோவை இந்த வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர் அதை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்திருந்தால் இன்றைக்கு நான் அப்பா வீட்டில் ஒரு அறையில் இருக்க மாட்டேன். நான் கேட்பது மோனிஷாவுக்காக.

இத்தனை நாளும் ஆத்தூர் செட்டுக்காரர் ஒருவரின் ஆல்ட்டோவை இரவல் வாங்கித்தான் பழகினாள். வைகாசி முகூர்த்தம் வருகிறது என்று அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய பிழைப்பு அது. புதிதாக வாங்க எனக்கு வழியில்லை. கல்லூரியில் சொந்தக் கருவி கொண்டுவரச் சொல்கிறார்கள். ஜூன் கடைசியில் தேர்வு.

விரல் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மோனிஷாவுக்கு வாரம் ஒருமுறை பாட்டு சொல்லித்தருகிற நர்மதா டீச்சர், “விரல் ஒண்ணா இருந்தா மட்டும் போதாது. அதே விரலுக்கு டெனர்ல வேற சுருதி வரும். மூச்சும் ரெண்டு பங்கு வேணும்” என்கிறார். உங்களுக்கு இது தெரியாததா?

அவளுக்கு எட்டு வயதில் அவர் கையில் கொடுத்தது ஆல்ட்டோ. அவள் கேட்பது அப்பாவுடைய பொருளை அல்ல, தன்னுடைய சத்தத்தை. நல்ல மனதோடு யோசியுங்கள்.

சாரதாமணி


வெண்ணந்தூர்
4.5.2025

சாரதாமணிக்கு,

யோசித்தேன். டெனரை மருதாசலத்திடம் கொடுத்தனுப்புகிறேன். கழுத்தில் மாட்டுகிற வாரைப் புதிதாகத் தைத்திருக்கிறேன். பழைய வார் என் உயரத்துக்கு இருந்தது.

நர்மதா டீச்சர் சொன்னதை எழுதியிருந்தாய். எனக்கு டீச்சர் இருந்ததில்லை. விசைத்தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் நானே ஊதி, நானே தப்பு கண்டுபிடித்து, நானே திருத்திக்கொண்டவன். யார் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை. “குமாரசாமிக்கு யாருங்க குரு?” என்று கேட்டவர்களிடமெல்லாம் “தறிப்பட்டறைங்க” என்று சொல்லியிருக்கிறேன். அப்படிக் கற்றவன் சொல்கிறேன்: பழகினால் டெனரும் அவளுக்கு வரும்.

நான் ஆல்ட்டோவைப் பூட்டிவைத்துப் பூதம்போலக் காக்கிறேன் என்று உன் அப்பா வீட்டில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். பூட்டி வைக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெட்டியைத் திறக்கிறேன். மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறேன். ஆல்ட்டோவுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூச்சாத்தி, சாம்பிராணி காட்டுகிறேன். அமாவாசைக்குப் பாலும் தெளிக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட விடவில்லை. நீ போன பிறகு அவனுக்கு இந்த வீட்டில் செய்ய வேறு ஆள் யார்?

நீ செய்ய மாட்டாய் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஊரில் யார் வீட்டுச் சாவுக்கெல்லாமோ வாசித்தவன் நான். என் மகன் சாவுக்கு டெனரை எடுத்தேன். பாட்டில் ஒரு அடிதான் வாசித்திருப்பேன். “நிறுத்துங்க மாமா” என்று ஊரே கேட்கக் கத்தினாய். நிறுத்தினேன். என் மகனை வாசிப்பில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். கருமாதி முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். அந்த மிச்சம் இன்னும் இங்கே என் நெஞ்சில் கிடக்கிறது.

டெனர் கனமாக இருந்தால் உட்கார்ந்து வாசிக்கச் சொல். ஊதுகிற வாயில் மாட்ட ரீட் நான்கு வைத்திருக்கிறேன்.

குமாரசாமி


வாழப்பாடி
14.5.2025

மாமாவுக்கு வணக்கம்.

டெனர் வந்து சேர்ந்தது. வார் சரியாக இருக்கிறது. அதை அளவெடுக்காமலே தைத்திருக்கிறீர்கள். அவள் இவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

அவள் தினமும் வாசிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர், “ஏம்மா, எருமை வாங்கியிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மோனிஷா சிரித்தாள். அப்புறம் என்னிடம் வந்து, “அம்மா, இது தாத்தா சத்தம். நான் ஊதறேன், தாத்தா வராரு” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. மூச்சு பாதியில் நின்றுவிடுகிறது. மோகனத்தில் ஒரு வர்ணம் தயார் செய்திருந்தாள். ஆல்ட்டோவில் தண்ணீர் மாதிரி ஓடியது, டெனரில் படி ஏறுகிற மாதிரி ஏறுகிறது.

சாவு வீட்டில் நான் கத்தியதற்குக் காரணம் உண்டு. இப்போது எழுத என்னால் முடியாது.

நீங்கள் எழுதியிருந்ததில் ஒன்று எனக்குத் தூக்கம் வராமல் செய்துவிட்டது. அவர் வாசித்து முடித்ததும் என் பழைய நூல் சேலைத் துண்டால் உள்ளும் புறமும் துடைத்துத்தான் உள்ளே வைப்பார். ஆயுத பூஜைக்கு நான் குங்குமத்தைக் கொண்டுபோனால் கையைத் தட்டிவிடுவார். “பெட்டிக்கு வையி சாரதா. அதுக்கு வெச்சீனா தோலெல்லாம் ஊறிப் போயிடும்” என்பார். ஓட்டைகளை மூடுகிற அந்தத் தோல் வில்லைகளை, பேட் என்பாரே, அதைச் சொல்வார். பெட்டிக்குத்தான் பொட்டு. கருவிக்கு ஒருநாளும் வைத்ததில்லை.

நீங்கள் மூன்று வருஷமாகச் சந்தனம் பூசுகிறீர்கள். ஒருமுறை ஊதிப் பாருங்கள் மாமா. நான் சொன்னேன் என்று கோபப்படாமல் பாருங்கள்.

சாரதாமணி


வெண்ணந்தூர்
18.5.2025

சாரதாமணிக்கு,

நான் சாக்ஸபோனை வாயில் வைத்தபோது நீ பிறக்கவில்லை. பேட் என்றால் என்ன என்று எனக்கு விளக்கி எழுதுகிறாய்.

திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. கோயில் விக்கிரகம்போல இருக்கிறது. ஊதிப் பார்க்க மாட்டேன். அவன் வாய் வைத்த இடத்தில் வேறொரு வாய் படாது. என் வாயும் படாது.

டெனரில் மூச்சு நிற்கிறது என்றால் பிள்ளைக்கு வயிறாரச் சோறு போடு.

குமாரசாமி


வாழப்பாடி
2.6.2025

மாமாவுக்கு,

நேற்று மோனிஷா சேலத்தில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினாள். துப்பட்டாவில் மஞ்சளும் சந்தனமுமாகக் கறை. எங்கே போனாய் என்று கேட்டேன். “வெண்ணந்தூருக்கு” என்றாள். அவ்வளவுதான். சாப்பிடவில்லை. டெனரைத் தொடவும் இல்லை. அந்தத் துப்பட்டாவைத் துவைக்கவும் விடமாட்டேன் என்கிறாள்.

என் மகளை என்ன சொன்னீர்கள்? என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன். அவளுக்குத் தேர்வு வருகிறது. அடித்துத் துரத்தினீர்களா? ஆல்ட்டோவைக் காட்டவாவது காட்டினீர்களா? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

சாரதாமணி


வெண்ணந்தூர்
6.6.2025

சாரதாமணிக்கு,

அடிக்கவில்லை. துரத்தவில்லை. உள்ளபடி எழுதுகிறேன்.

உச்சி வெயிலில் கதவைத் தட்டினாள். திறந்தேன். என் தோள் உயரம் இருந்தாள். வார் சரியாகத்தான் தைத்திருக்கிறேன்.

“எப்படி வந்தே சாமி?”

“பஸ்லதாங்க. ராசிபுரத்துல மாறி வந்தனுங்க.”

“உங்கம்மாளுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா உடுவாங்களா? மோர் இருந்தா குடுங்க தாத்தா, நாக்கு ஒட்டுது.”

மோர் குடித்தாள். சுவரில் இருந்த அவள் அப்பன் படத்தைப் பார்த்தாள். பிறகு, “ஆல்ட்டோவ ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க” என்றாள்.

“பாரு. வாய் வெக்கக் கூடாது.”

“வாய் வெக்காம சாக்ஸ எப்படிங்க பாக்கறது? மூஞ்சியப் பாத்துட்டு, வடை தின்னுட்டு, ஊட்டுக்குப் போயிச் சொல்லியனுப்பறதுக்கு அது என்ன பொண்ணா?”

அப்படியே அவன் பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் நான் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பில் ஏமாந்து, பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டேன்.

திறந்தாள்.

நான் வெள்ளிக்கிழமை தோறும் பார்க்கிற பொருள்தான். பூஜை செய்கிற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு வாசிக்கிறவன் கண்ணால் பார்த்தேன். சந்தனம் அடுக்கடுக்காக ஏறி மண் சுவர்போல வெடித்திருந்தது. விரல் வைக்கும் கீகளுக்கு இடையில் மல்லிகைக் காம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பிரிங் எல்லாம் துரு. அவள் ஒரு கீயை அழுத்தினாள். போனது, எழவில்லை. தூங்குகிறவனைத் தட்டுகிற மாதிரி விரலால் மெதுவாகத் தட்டினாள். எழவில்லை. தன் மவுத்பீஸையும், அதை மாட்டுகிற வளைந்த கழுத்து ஒன்றை இரவலாகவும் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் மாட்டி ஊதினாள். நான் தடுக்கவில்லை. காற்று வந்தது. காற்று மட்டும் வந்தது. பேட் அத்தனையும் ஊறி, உப்பி, வெடித்துப் போயிருந்தது.

அப்புறம் பெட்டியின் ஓரத்தில் தனியாகத் துணி சுற்றியிருந்ததைக் கண்டுபிடித்தாள். ஆல்ட்டோவின் கழுத்தும், அதில் ஜீவா மாட்டியிருந்த மவுத்பீஸும். அன்றைக்கு வேனில் அவன் கழற்றிச் சுற்றி வைத்தது. அந்த முடிச்சை நான் அவிழ்த்ததில்லை. அவன் ரீட் அதிலேயே இருந்தது. அவள் அதை வாயில் வைத்து நனைத்தாள். தடுக்க எழுந்தேன். எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன்.

“மொத மாசம் பூராவும் அப்பா இத மட்டுந்தாங்க தாத்தா குடுத்தாரு. கழுத்து மட்டும். ஒரே சத்தம். அது சுத்தமா வந்தாத்தான் மீதியத் தருவேன்னாரு.”

ஊதினாள். ஒரே சத்தம். சுத்தமாக வந்தது. மூச்சு இருக்கிற வரைக்கும் ஊதினாள். வெண்ணந்தூரில் அந்த மூச்சு எங்கேயும் நிற்கவில்லை, சோறு நீ சரியாகத்தான் போடுகிறாய்.

பிறகு துப்பட்டாவால் துடைத்தாள். சந்தனம் விடவில்லை. பெட்டியை மூடினாள். “நான் டெனர்லயே வாசிச்சுக்கறனுங்க” என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ரோட்டைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

உனக்குக் கேட்கத் தோன்றும், கருவி வாசிக்கிறவனுக்குத் தண்ணீர் ஆகாது என்று தெரியாதா என்று. தெரியும். கருவி என்று நினைத்திருந்தால் துடைத்து வைத்திருப்பேன். மகன் என்று நினைத்தேன். அதனால் குளிப்பாட்டினேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு என்னை நீ வாசிக்க விட்டிருந்தால் இத்தனை வெள்ளிக்கிழமை எனக்குத் தேவைப்பட்டிருக்காது. அந்தப் பாதி உன்னுடையது.

குமாரசாமி


வாழப்பாடி
12.7.2025

மாமாவுக்கு வணக்கம்.

மோனிஷாவின் பெயர் பட்டியலில் வரவில்லை.

உங்கள் போன கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. தேர்வு முடியட்டும் என்றிருந்தேன். இப்போது முடிந்துவிட்டது.

நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மூன்று பேர். நன்றாகத்தான் நடத்தினார்கள், யார் மேலும் குற்றமில்லை. உட்கார்ந்து வாசிக்க நாற்காலி போட்டார்கள். சுருதிப் பெட்டியை வைத்திருந்தவர், “எத்தனை கட்டைம்மா?” என்று கேட்டார். இவள், “ரெண்டரை சார்” என்றாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டரை கட்டை அவள் ஆல்ட்டோ வாசித்த சுருதி. டெனருக்கு ஆறரை என்று வீட்டில் நூறு முறை சொல்லிப் பழகிக்கொண்டு போனாள். கேட்டவுடன் வாயில் வந்தது அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது. சுருதி ஒரு பக்கம் ஓட, இவள் வேறு பக்கம் ஆரம்பித்தாள். வெளியே இருந்த எனக்கே உடம்பு கூசியது. நிறுத்தினாள். அவர்கள் பொறுமையாக, “பரவால்ல, உன் சுருதி எதுன்னு யோசிச்சுச் சொல்லு” என்றார்கள். ஒரு வார்த்தை ஆறரை என்று சொல்லியிருந்தால் போதும். இவள், “எங்கப்பாது ரெண்டரைங்க சார்” என்றாள். மறுபடியும் அதையேதான் சொன்னாள். அதற்கப்புறம் அழுகை வந்துவிட்டது. அழுகிற வாயால் சாக்ஸபோனை ஊத முடியாது. தண்ணீர் கொடுத்தார்கள், பாதி வர்ணம் வாசித்தாள், வந்துவிட்டாள்.

பஸ்ஸில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, “டெனர் மேல தப்பில்லம்மா. தாத்தா மேலயும் இல்ல” என்றாள். யார் மேல் தப்பு என்று சொல்லவில்லை. சேலத்தில் பி.காம். சேர்த்துவிட்டேன். போய் வருகிறாள். டெனரை மருதாசலத்திடம் கொடுத்தனுப்புகிறேன். அவளாகத்தான் துடைத்து வைத்தாள்.

மாமா, அந்தப் பாதி என்னுடையது என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு ஏன் கத்தினேன் என்று இப்போது சொல்கிறேன்.

செட்டில் எப்போதும் நீங்கள் டெனரில் முதல் அடி எடுப்பீர்கள். அடுத்த அடியை அவர் ஆல்ட்டோவில் எடுப்பார். மோனிஷா பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்டு வளர்ந்தாள். அன்றைக்கு அவரைக் கிடத்தியிருந்தார்கள். நீங்கள் முதல் அடியை வாசித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினீர்கள். அந்த இடைவெளியில் மோனிஷா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு, அடுத்த அடிக்குக் காத்திருந்தாள். பதினான்கு வயதுப் பிள்ளை, செத்துப்போனவர் வாசிப்பார் என்று காத்திருந்தாள்.

அதைப் பார்த்துத்தான் கத்தினேன். நீங்கள் இரண்டாவது முறை முதல் அடியை எடுத்திருந்தால் அவள் இரண்டாவது முறையும் காத்திருப்பாள்.

உங்களை அவமானப்படுத்த நினைக்கவில்லை. அதை அன்றே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொல்ல நீங்கள் இடம் தரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரதாமணி


வெண்ணந்தூர்
1.10.2025

சாரதாமணிக்கு,

உன் கடிதம் ஆடி மாசம் முதல் என் சட்டைப் பையில் இருக்கிறது. படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கை சும்மா இருக்காதே. ஆல்ட்டோவைப் பிரித்தேன்.

சேலத்தில் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடு என்று மருதாசலம் சொன்னான். கொடுக்கவில்லை. பாழாக்கியது இந்தக் கை. பேட், ஸ்பிரிங், ஒட்டுகிற அரக்கு எல்லாம் அவனை வாங்கிவரச் சொல்லி, நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு கீயாகக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்துச் சந்தனத்தைச் சுரண்டினேன். கண் முன்னைப்போல இல்லை. ஸ்பிரிங் ஊசிபோல இருக்கும், விரலைக் குத்தியது. முதல்முறை மாட்டிய பேட் பாதி காற்றுவிட்டது. மறுபடியும் பிரித்தேன். யாரும் சொல்லித்தராமல் கற்றவனுக்கு எதையும் இரண்டு முறை செய்துதான் பழக்கம்.

கழற்றிய பழைய பேட்டைக் குப்பையில் போட முடியவில்லை. அவன் விரல் அழுத்தி அழுத்தி அவற்றில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. பவானிக்கு எடுத்துப்போனேன். அவன் சாம்பலைக் கரைத்த அதே படியில் இறங்கி விட்டேன். சாம்பல் அன்றைக்குக் கரைந்துவிட்டது. இது தோல், கரையவில்லை. மிதந்து போயிற்று. கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று மாட்டி முடித்தேன். சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? வேறு வாய் படாது என்று உனக்கு எழுதியிருந்தேன். அந்த வாய் இப்போது பட்டாகிவிட்டது, அவன் மகள் வாய். அதனால் இனி என் வாயும் படலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் டெனரை எடுத்தேன். அன்றைக்கு நிறுத்திய இடத்துக்கு வந்து சேர, அந்த முதல் அடியை வாசித்தேன். டெனரைக் கீழே வைத்தேன். ஆல்ட்டோவை எடுத்தேன். அடுத்த அடியை வாசித்தேன்.

வெளியே பக்கத்து வீட்டு வேல்முருகன் பெண்சாதி யாரிடமோ, “ரெண்டு பேரு வாசிக்கறாப்ல இருக்குதே, யாரு வந்திருக்கறாங்க?” என்று கேட்பது காதில் விழுந்தது. யாரும் வரவில்லை. நான் கிழவன், இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்து வைத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் அவன் அடி என் வாயில் சரியாக வந்தது சாரதா. அவன் அதை முடிக்குமுன் சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்துவான். அதுவும் வந்தது. நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாழ்த்தல் என்னிடம் இருந்ததில்லை.

அவன் சாவுக்கு வாசிப்பு இப்போதுதான் முடிந்தது.

பதினான்கு வயதுப் பிள்ளை திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவன். தெரிந்திருந்தால் நானே நிறுத்தியிருப்பேன். இதற்குமேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியாது. உன்னிடம் பொறுத்துக்கொள் என்று கேட்கவும் எனக்கு வராது. அறுபத்தொன்பது வயதில் புதிதாக என்ன பழகப்போகிறேன்?

ஆல்ட்டோவை மருதாசலத்திடம் கொடுத்தனுப்புகிறேன். இப்போது அதில் இருக்கிற பேட் புதிது, ஸ்பிரிங் புதிது. அவன் விரல் பட்டதெல்லாம் ஆற்றோடு போயிற்று. அதில் இனி அவன் இல்லை. அதனால்தான் என்னால் கொடுக்க முடிகிறது. அவன் சுற்றி வைத்திருந்த கழுத்தில் மட்டும் நான் எதையும் மாற்றவில்லை. வாசித்து முடித்ததும் மோனிஷா கட்டிய மாதிரியே முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

அவள் தேர்வுக்கு உதவாத நேரத்தில் அனுப்புகிறேன் என்று எனக்குத் தெரியும். வாசிக்கச் சொல்லி அவளை நீ வற்புறுத்தாதே. அடுத்த வருஷம் எழுது, மறுபடி போ என்றும் சொல்லாதே. எடுத்தால் எடுக்கட்டும். எடுக்காவிட்டால் ஓரமாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உன் பழைய நூல் சேலை இருந்தால் அதுவே நல்லது.

இன்றைக்கு ஆயுத பூஜை. வீட்டில் டெனருக்கும் தறிக்கும் எப்போதும்போலச் செய்தேன். ஆல்ட்டோவுக்குப் பெட்டிக்கு மட்டும் பொட்டு வைத்திருக்கிறேன்.

குமாரசாமி